இடுப்புக்குள் ஒளிந்திருக்கும் சீழ்

 

தொழுகையில் நிமிர்ந்து நிற்க இயலாமல், ஒரு பக்கத் தொடையை மடக்கியே வைத்திருக்கும் பெரியவரை உங்கள் இல்லத்தில் கண்டதுண்டா? வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். அதனுடன் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்திருந்தால் தாமதிக்கலாகாது.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடை எலும்பு வரை இறங்கும் தசைக்கு சோவாஸ் என்று பெயர். இடுப்பின் உட்புறத்து இலியாக்கஸ் தசையும் அதனுடன் இணைந்து தொடையை மடக்குகிறது. இத்தசைகளில் சீழ் கட்டுவது அரிது. ஆயினும் கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து.

காரணங்கள் இருவகை. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி இரத்தத்தின் வழியே வந்து தங்குவது ஒன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த அபாயம் மிகுதி. முதுகெலும்பு, குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய் பரவுவது மற்றொன்று. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அச்சீழ் தசைவழியே இறங்கி, தொடை இடுக்கில் வலியற்ற கட்டியாகவும் தோன்றும். அதைக் குடலிறக்கம் என்றெண்ணி ஏமாறுவோரும் உண்டு.

இரத்தப் பரிசோதனையுடன் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்து நோயை உறுதி செய்வர். ஊசி அல்லது குழாய் மூலம் சீழை வெளியேற்றிச் சோதித்து, கிருமிக்கேற்ற மருந்து தருவர். காசநோயாயின் மருந்து பல மாதங்கள் நீளும்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். வலி குறைந்ததும் நிறுத்துவது பெரும் தவறு.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. வலியை மறைத்து நிற்பது பொறுமையன்று. சிகிச்சை தேடுவது நபிவழி. சுகம் தருபவன் அல்லாஹ்வே.