தொண்டரின் உடுப்பும் நோயாளியின் உயிரும்

வைத்தியசாலையில் தொண்டு செய்யப் போகும் எமது பிள்ளைகளிடம் பல இடங்களில் முதலிற் கேட்கப்படுவது, "வெள்ளைச் சேலை இருக்கிறதா? சப்பாத்து இருக்கிறதா?" என்பதுதான். 1995 ஒக்டோபரில் விதைத்த வயலை விட்டு வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து மாற்றுடுப்புக்கூட இல்லாமல் முட்கம்பி வேலிக்குள் வந்தவர்களும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? நாம் அறிந்த ஒரு வைத்தியசாலையில், நிறம் மங்கிய பாவாடையோடு போன பிள்ளையொன்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாள். அவளுடைய பாவாடை தோய்த்துக் காய்ந்த பாவாடை. உள்ளே விட்டவர்களில் ஒருத்தியின் கையில் அரை டசின் கண்ணாடி வளையல்கள்.

உடுப்புக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. கட்டுப்பாடு மிக அவசியம். ஆனால் அது நோயாளியைக் காப்பதற்காக இருக்கவேண்டுமேயன்றி, வசதியுள்ளவரையும் இல்லாதவரையும் பிரிப்பதற்காக இருக்கக்கூடாது.

வியன்னா நகரப் பிரசவ விடுதியொன்றில் 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் வரையில் இறந்தனர். பிரேதங்களை அறுத்துப் படித்த கையோடு வைத்தியர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவ வைத்தார். யூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. அந்த வைத்தியர்கள் நல்ல உடுப்பு உடுத்த கனவான்கள்தான்! இங்கிலாந்து அரசாங்க வைத்தியசாலைகளிலும் 2007இல் அறிவித்த விதி, முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது என்பதே. நீளக் கையும் மணிக்கூடும் மோதிரமும் கழுவும் நீரைத் தடுக்கும். அவற்றின் அடியிற் கிருமி தங்கும்.

ஆகவே தொண்டர் தம்மிடம் முதலிற் பார்க்கவேண்டியது கையையே. நகத்தை ஒட்ட வெட்டவேண்டும். நகப்பூச்சு வேண்டாம். தோட்டம் செய்யும் கைகளில் வெட்டுக்காயம் இல்லாத நாள் குறைவு. காயத்தை மூடிக் கட்டிய பின்பே நோயாளியைத் தொடவேண்டும். புகையிலை முறித்த கையின் கறை எத்தனை சவர்க்காரம் போட்டாலும் இலேசிற் போகாது. அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் மேற்பார்வையாளருக்கு நாம் சொல்வது: கறை வேறு, அழுக்கு வேறு.

மணிக்கட்டிற் கட்டிய நூலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கோயிற் காப்புநூலானாலும் கையிற் சுற்றிய செபமாலையானாலும் நனைந்த நூல் நனைந்த நூலே. கழற்ற மனமில்லாதவர் முழங்கைக்கு மேலே கட்டலாம், அல்லது கழுத்தில் அணிந்து உடுப்புக்குள் விடலாம். தாலிக்கொடியும் அப்படியே. பொட்டும் திருநீறும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவற்றை அழிக்கச் சொல்வோருக்கு எந்தச் சுகாதார நியாயமும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளின் பிள்ளைகளும் தொண்டுக்கு வருவார்கள். அவர்களுடைய தலைத்துணி தினமும் தோய்த்ததாக, நுனி தொங்காமற் செருகியதாக இருந்தாற் போதும்.

கூந்தலைப் பின்னி மேலே கட்டவேண்டும். சேலைத் தலைப்பு கட்டிலுக்குக் கட்டில் உரசிக்கொண்டு போகக்கூடாது. இடுப்பிற் செருகி ஊசி குத்தவேண்டும். ஆண்பிள்ளைகளுக்குச் சாரத்தைவிட நீளக் காற்சட்டை நல்லது. நோயாளியைத் தூக்கும்போது சாரம் காலில் தடக்கும், அவிழவும் கூடும். தாடி வைத்திருப்பவர் கத்தரித்துக் கழுவி வைத்திருக்கட்டும். வாசனைப் பவுடரும் சென்றும் தொய்வுக்காரருக்கு இழுப்பைக் கொண்டுவரும். செருப்பு விஷயத்தில் மாத்திரம் நாம் விட்டுக்கொடுக்கமாட்டோம். நிலத்தில் விழுந்த ஊசி றப்பர்ச் செருப்புப் போட்ட காலில் ஏறும். விரலை மூடிய, வழுக்காத காலணி வேண்டும். ஆனால் அதை வாங்கும் செலவு, சம்பளமில்லாமல் வேலை செய்யும் பிள்ளையின் தலையில் விழக்கூடாது.

வெள்ளை நிறம் வைத்தியசாலைக்கு வந்ததற்கு ஒரு காரணம், அதில் அழுக்கு உடனே தெரியும் என்பது. மங்கிய நீலத்திலும் இளமஞ்சளிலும் அது தெரியாமற் போகாது. ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் முகாமில் வெள்ளையை வெள்ளையாக வைத்திருக்கச் சொல்பவர், அந்த வரிசையில் ஒரு நாளாவது நின்று பார்க்கட்டும்.

விடுதியில் உடுத்த உடுப்போடு குடிசைக்கு வந்து குழந்தையைத் தூக்குவது இன்னொரு ஆபத்து. அதனால் மேலங்கியை வைத்தியசாலையே கொடுத்து, அங்கேயே தோய்க்கவேண்டும் என்று கேட்கிறோம். சவர்க்காரமும் தண்ணீரும் அங்கே இருக்கவேண்டும். சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடிவரை கைகழுவும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வறண்ட குழாயின் முன்னே நின்று அதைச் செய்ய முடியாது.

வைத்தியசாலை கைவிரித்தால், தையல் வகுப்பு நடக்கும் இடங்களில் எமது பெண்களே தைத்துக் கொடுக்கலாம். தொண்டர் ஒருவருக்கு இரண்டு மேலங்கி வேண்டும். ஒன்று உடலில், ஒன்று கொடியில். பருத்தித் துணி, முழங்கைக்கு மேலே நிற்கும் கை, முழங்கால்வரை நீளம். பின்பக்கம் நாடா வைத்துத் தைத்தால், மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் தனித்தனியே அளவெடுக்கத் தேவையில்லை.