பந்திக்கு முன் விடைபெற்ற பெண்

1934 மே மாதம் ‘சாட்டர்டே ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்’ என்ற அமெரிக்க வார இதழில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வெளியானது. குறிப்புகள் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பிழையின்றி நிரப்பி அனுப்புகிறவர்களுக்கு ‘பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்’ என்ற புதிய ரசிகர் அமைப்பில் இடம் உண்டு என்று அறிவித்திருந்தார், அந்த இதழில் பத்தி எழுதிவந்த கிறிஸ்டோஃபர் மார்லி. விடைகள் வந்து சேர்ந்தன. சரியாக எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேத்தரின் மக்மஹன். ஆனால் அதே ஆண்டு நியூயார்க்கில் அமைப்பின் விருந்து நடந்தபோது மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

மக்மஹன் அந்த அமைப்பில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்டது 1991இல். இடையில் 57 ஆண்டுகள்.

ஒரு நூல்வரிசையின் மீது பைத்தியமாக இருப்பவர்கள் தங்களைப் பற்றி ஆசையோடு சொல்லிக்கொள்ளும் ஒன்று உண்டு: இங்கே பதவி, பணம், குலம் எதுவும் பேசாது, கதையைக் கரைத்துக் குடித்திருந்தால் போதும். அந்தப் பேச்சில் பொய் இல்லை. மார்லி வைத்த தேர்வும் நேர்மையானதுதான். புதிர்க் கட்டத்துக்குப் பேனா பிடித்த கை யாருடையது என்று தெரியாது. சிக்கல் தேர்வுக்குப் பிறகு, இலை போடும்போது வந்தது. சமபந்தி என்ற சொல்லுக்கு நம் ஊரில் இவ்வளவு எடை ஏன் என்று புரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடிப் பேசலாம், கூடிப் படிக்கலாம், ஆனால் சேர்ந்து உண்ண முடியாது என்னும் இடத்தில்தான் ஒரு கூட்டத்தின் உண்மையான விதி வெளியே வரும்.

இதில் உள்ள வேடிக்கை அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. ஹோம்ஸின் முதல் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ 1887இல் வந்தது. அதில் லண்டன் தெருப் பொறுக்கிச் சிறுவர்கள் சிலர் கிழிந்த உடையோடு பேக்கர் தெரு வீட்டுக்குள் திமுதிமுவென்று நுழைவார்கள். போலீஸ்காரர் பன்னிரண்டு பேர் செய்யாத வேலையை இந்தப் பயல்களில் ஒருவன் செய்துவிடுவான் என்பது ஹோம்ஸின் கணக்கு. தலைக்கு ஒரு ஷில்லிங் கூலி. அவர்களுக்குத் தலைவன் விக்கின்ஸ் என்ற சிறுவன். நியூயார்க் கனவான்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டது இந்தச் சிறுவர்களின் பெயரைத்தான். அமைப்பின் தலைவரை விக்கின்ஸ் என்றே அழைக்கிறார்கள். சேர்த்துக்கொள்ளப்படும் ஒவ்வொருவருக்கும் கதைகளிலிருந்து ஒரு பட்டப்பெயரும், அடையாளமாக ஒரு ஷில்லிங்கும் உண்டு. அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் கௌரவ உறுப்பினராக இருந்தார். எந்த வீட்டிலும் முன்வாசல் திறக்காத பிள்ளைகளின் பெயரால் ஒரு மன்றம். அதன் முன்வாசல் பாதி வாசகர்களுக்குத் திறக்கவில்லை.

அவமதிக்கும் நோக்கம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பார்க்கப்போனால் மரியாதைக்குக் குறைவே கிடையாது. ‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’வில் ஹோம்ஸையே ஏமாற்றிவிட்டுத் தப்பும் ஐரீன் ஆட்லரின் நினைவாக, ஆண்டுதோறும் ஒரு பெண்ணைச் சிறப்பு விருந்தினராக அழைப்பார்கள். எல்லோரும் எழுந்து நின்று அவர் நலத்துக்காகக் கோப்பையை உயர்த்துவார்கள். விருந்து தொடங்கும்முன் அந்தப் பெண் விடைபெற்றுப் போய்விட வேண்டும். துப்பறிவாளனை அறிவால் வென்ற ஒரே பெண்ணுக்குக் காட்டிய மரியாதை இது.

1941 ஜனவரி விருந்தில் துப்பறியும் நாவலாசிரியர் ரெக்ஸ் ஸ்டவுட் எழுந்து, ஹோம்ஸின் கூட்டாளி வாட்சன் உண்மையில் ஒரு பெண் என்று கதைகளிலிருந்து சான்று காட்டி வாதாடினார். அந்தக் காலத்து ரசிகர்களிடையே மிகவும் பேசப்பட்ட குறும்பு அது. மறுப்புக் கட்டுரையெல்லாம் வந்தது. வாட்சன் பெண்ணா என்று விவாதம் நடந்த கூடத்தில் சாப்பிட உட்கார்ந்த பெண் ஒருவரும் இல்லை என்பது அன்று யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

பெண்களுக்கு இந்த விளையாட்டு புதிதும் அல்ல. ஹோம்ஸ் நிஜ மனிதர், கதைகளை எழுதியவர் வாட்சன், அவற்றை உண்மையில் எழுதிய கானன் டாயில் வெறும் பதிப்புத் தரகர் என்று பாவித்துக்கொண்டு முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது இந்த ரசிகர்களின் பெரிய பொழுதுபோக்கு. 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் வாசித்த கட்டுரையை அதற்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். அந்த விளையாட்டைக் கொஞ்சமும் நழுவாத கண்டிப்போடு ஆட வேண்டும் என்று வலியுறுத்தி, அப்படியே ஆடியும் காட்டியவர் துப்பறியும் நாவலாசிரியை டோரத்தி செயர்ஸ். லண்டனில் 1934இல் தொடங்கிய ஹோம்ஸ் சங்கத்தில் அவர் இருந்தார். 1951இல் அந்நகரில் மறுபடி உருவான சங்கமும் பெண்களை விலக்கவில்லை. ஹோம்ஸ் வாழ்ந்த ஊரில் இல்லாத தடை கடலுக்கு அப்பால் எங்கிருந்து முளைத்தது? கதைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆண்கள் மட்டும் கூடிக் குடித்துச் சாப்பிடும் நியூயார்க் கிளப்புகளின் பழக்கம் அது. ரசிகர்கள் அதைத் தங்கள் மரபு என்று நினைத்துக்கொண்டார்கள். இடையே 1958இல் லெனோர் கிளென் ஆஃபர்ட் என்ற துப்பறியும் நாவலாசிரியைக்கு விதிவிலக்காக ஒரு பட்டம் தந்தார்கள். விதி அப்படியே இருந்தது. விதிவிலக்கு எப்போதும் விதிக்குச் செய்யும் உபகாரம் இதுதான்.

1968 ஜனவரியில் கதை தெருவுக்கு வந்தது. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் உள்ள ஆல்பர்டஸ் மேக்னஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரியின் மாணவிகள் சிலர் ஏற்கெனவே தங்களுக்குள் ஒரு ஹோம்ஸ் வட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விருந்து நடந்த இரவில் அவர்கள் பதாகைகளோடு நியூயார்க் உணவகத்தின் வாசலில் நின்றார்கள். உள்ளே விடவில்லை. ‘அட்வென்ச்சரஸஸ் ஆஃப் ஷெர்லக் ஹோம்ஸ்’ என்ற பெயரில் அவர்களுடைய அமைப்பு வளர்ந்தது. தனியாக விருந்து, தனியாகப் பட்டப்பெயர்கள், பின்னர் தனியாக ஓர் இதழும். பெண்களுக்கு மட்டும் என்று ஓர் அமைப்பு இருந்தால் அதுவும் பூட்டிய கதவுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஒண்டிக்கொள்ளக் கூரை போடுவதும், உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாள் போடுவதும் ஒன்றாகிவிடுமா? அந்தப் பெண்கள் பிற்காலத்தில் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வாசலில் நின்ற மாணவிகளில் ஒருவரான ஈவ்லின் ஹெர்ஸாக், 23 ஆண்டுகள் கழித்து அதே இர்ரெகுலர்ஸின் ஷில்லிங்கைப் பெற்றார். அப்போது விக்கின்ஸாக இருந்தவர் தாமஸ் ஸ்டிக்ஸ். 1991இல் அவர் பட்டம் அளித்த பெண்களின் வரிசையைப் பார்த்தால் ஒரு குற்றப்பத்திரிகையை வாசிப்பதுபோல் இருக்கிறது. 1934இல் புதிரை விடுவித்த மக்மஹன். 1930 முதல் அமெரிக்க வானொலியில் ஹோம்ஸைப் பேசவைத்து, வீடு வீடாகக் கொண்டுசேர்த்த எடித் மெய்சர். பிரிட்டன் விமானப்படையின் மகளிர் பிரிவுக்கே தலைமை தாங்கிய ஜீன் கானன் டாயில். இவர் யார்? கதைகளை எழுதியவரின் மகள். அப்பா உருவாக்கிய துப்பறிவாளனுக்காக நடக்கும் விருந்தில், மகளுக்கு இலை விழ அவருக்கு எழுபது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

வாசல் திறந்துவிட்டது, கதை சுபம் என்று முடிக்கலாம்தான். முடியவில்லை. 1934இலிருந்து 2020 வரை விக்கின்ஸ் பொறுப்புக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 2010இல் பிபிசி ஹோம்ஸைக் கைப்பேசிக் காலத்துக்குக் கொண்டுவந்து தொடர் எடுத்தபோது, இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கதைகளுக்குள் வந்தார்கள். அவர்களை நடிகரின் முகத்துக்கு மயங்கி வந்தவர்கள் என்று முகம் சுளித்த மூத்த ரசிகர்கள் இருந்தார்கள். அறுபது கதைகளையும் வரிசையாக ஒப்பிக்கத் தெரியாதவர் ரசிகரே அல்ல என்ற பழைய குரல் மறுபடி கேட்டது. ஒருவர் எந்த வழியாக வந்தார் என்று விசாரிப்பது, அவர் வந்ததைப் பிடிக்காதவர்களின் நாகரிகமான கேள்வி. வில்லியம் ஜில்லெட் என்ற நடிகரின் மேடை நாடகம் வழியாகத்தான் முந்தைய தலைமுறை அமெரிக்கர்களில் பலரும் ஹோம்ஸைக் கண்டார்கள். 1934 டிசம்பர் விருந்தில் அந்த ஜில்லெட் மதிப்புக்குரிய விருந்தினர்.

இந்தக் கதைகள் யாருடையவை என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. லாரி கிங் என்ற பெண் எழுத்தாளரும் லெஸ்லி கிளிங்கர் என்ற வழக்கறிஞரும் புதிய ஹோம்ஸ் கதைகளின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவர முயன்றபோது, டாயிலின் உரிமைதாரர்கள் பணம் கேட்டார்கள். 1923க்கு முன் வெளியான கதைகளில் உள்ள ஹோம்ஸ் பொதுச்சொத்து என்று 2014இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் கடைசிக் கதைகளும் பொதுவாகிவிட்டன. சட்டத்துக்குத் தெரிந்த விஷயம் ரசிகர் மன்றங்களுக்குத் தெரிய இவ்வளவு காலம் பிடிக்கிறது.

ஹோம்ஸ் விஷயத்தில் தடுத்தவர்கள் வாசகர்கள், எழுதியவரோ உயிரோடு இல்லை. ஹாரி பாட்டர் வாசகர்களுக்கு முதலில் இதே சோதனை வந்தது, பிறகு இதற்கு நேர் எதிரானது. 2015 டிசம்பரில் லண்டன் நாடகத்தில் ஹெர்மயானியாக நடிக்க நோமா டுமெஸ்வேனி என்ற கறுப்பினப் பெண் தேர்வானபோது, ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களே அவர்மீது சேற்றை வாரி இறைத்தார்கள். அன்று நடிகைக்கு ஆதரவாக நின்றவர் அந்த நாவல்களை எழுதிய ஜே. கே. ரௌலிங். 2020இல் அதே ரௌலிங், திருநர் உரிமைகள் குறித்து எழுதியவை அவருடைய வாசகர்களில் பலரைக் காயப்படுத்தின. அவர் தரப்பில், பெண்களுக்கான பாதுகாப்பைப் பற்றியே பேசுவதாகச் சொன்னார். இந்தப் பூசலில் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தத் தலையங்கத்தின் வேலை அல்ல. கவனிக்க வேண்டியது, புத்தகத்தை விடவும் முடியாமல், எழுதியவரோடு உடன்படவும் முடியாமல் நின்ற வாசகர்கள் என்ன செய்தார்கள் என்பதே.

2005இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி கல்லூரி மாணவர்கள், துடைப்பத்தைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, பாட்டர் கதையில் வரும் குவிடிச் விளையாட்டை ஆடத் தொடங்கினார்கள். புத்தகத்தில் பறந்து ஆடுவார்கள், இங்கே ஓட வேண்டியதுதான். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் அவர்களுடைய விதிப்புத்தகம் சிரிப்புக்குரியது அல்ல. ஒரே பாலினத்தவர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓர் அணியில் ஒரே நேரத்தில் களத்தில் நிற்க முடியாது. ஆட்டக்காரரின் பாலினம் என்ன என்பது அவரே சொல்வதுதான். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் பெயரையும், கதையில் வரும் ஒன்பதே முக்கால் நடைமேடையையும் கலந்து தங்கள் சமத்துவ முயற்சிக்குப் பெயர் வைத்தார்கள். 2022இல் விளையாட்டின் பெயரையே ‘குவாட்பால்’ என்று மாற்றிவிட்டார்கள். பெயர் வார்னர் பிரதர்ஸின் வணிக முத்திரைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு காரணம், ரௌலிங்கின் கருத்துகளிலிருந்து விலகி நிற்பது மற்றொன்று. இரண்டையும் வெளிப்படையாகவே சொன்னார்கள். துடைப்பத்தை மட்டும் விடவில்லை.

நியூயார்க் கனவான்களையும் இந்த மாணவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாட்டர் வாசகர்கள் நல்லவர்கள், ஹோம்ஸ் வாசகர்கள் கெட்டவர்கள் என்றாகாது. நோமா டுமெஸ்வேனியை வைதவர்களும் பாட்டர் வாசகர்கள்தானே. வேறுபாடு ஒன்றுதான்: ஒரு கூட்டம், கதையை நேசிக்கிறோம், அதனால் எல்லோரும் சமம் என்று நம்பி அதோடு விட்டுவிட்டது. இன்னொன்று, களத்தில் யார் நிற்கலாம் என்பதை எழுதி வைத்தது. எழுதி வைக்காத இடத்தில் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை எழுப்ப 57 ஆண்டுகள் ஆகும்.

இந்த இதழ் போய்ச்சேரும் ஊர்களில் பொன்னியின் செல்வனுக்கும், புதுமைப்பித்தனுக்கும், ருஷ்ய நாவல்களுக்கும் என்று வாசகர் வட்டங்கள் பல நடக்கின்றன. எந்த வட்டத்திலும் பெண்கள் வரக் கூடாது என்று விதி இல்லை. கூட்டம் மட்டும் மாலை ஆறரைக்குத் தொடங்கி, கடைசிப் பேருந்து போன பிறகு முடிகிறது. உண்மையான பேச்சு அதற்கும் பிறகு, டீக்கடையிலோ விடுதி அறையிலோ நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் யார் பேசுவது, எந்தப் புத்தகம் என்று முடிவாவதும் அங்கேதான். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏற முடியாத மாடிக்கூடத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வட்டம் நடத்தும் நண்பர்கள் அடுத்த மூன்று கூட்டங்களை ஞாயிறு காலையில், தரைத்தளத்தில் வைத்துப் பாருங்கள். வந்தவர்கள் யார் யார், புதிதாக யார் பேசினார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.