இடிப்பதற்கு முன் ஒரு படம்

பெரிய கட்டடம் ஒன்றை இடிக்கிறார்கள் என்றால் ஊரே திரண்டுவிடுகிறது. அதைக் கட்டியபோது ஏறெடுத்தும் பார்க்காதவர்கள்கூட இடிக்கும்போது ஓடி வருகிறார்கள். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆகவே பார்ப்பதோடு நில்லாமல் படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, டெல்லியை அடுத்த நொய்டாவில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அவை குதுப்மினாரையும் விஞ்சிய உயரம். விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று 2021 ஆகஸ்டு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறி, இடிக்க உத்தரவிட்டிருந்தது. சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்தார்கள். பத்து வினாடிகூட ஆகவில்லை. இரண்டும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. தகர்க்கும் வேலையை எடுத்துச் செய்தது நம் மும்பையைச் சேர்ந்த நிறுவனம், தென் ஆப்பிரிக்க வல்லுநர்களின் துணையோடு. டெலிவிஷன் நிலையங்கள் அதை நேரடியாகக் காட்ட, நாடே கண் கொட்டாமல் பார்த்தது.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1896-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, மும்பை வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் காட்டப்பட்டன. இந்திய மண்ணில் நடந்த முதல் சினிமாக் காட்சி அதுதான். அன்று காட்டப்பட்ட ஆறு துண்டுப் படங்களில் ஒன்று, ஆட்கள் ஒரு சுவரை இடித்துத் தள்ளும் படம்! சினிமா பிறந்தவுடன் படம் எடுத்த காட்சிகளில் இடிப்பும் ஒன்று. அந்த வாட்சன் ஓட்டல் கட்டடமும் பின்னாளில் பழுதடைந்து, ஆபத்தானது என்று 2019-ல் காலி செய்யப்பட்டது என்பது காலத்தின் கூத்து.

தூசியில் மறைந்தவர்கள்

இடிப்பைப் படம் எடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? ஒரு முழக்கம், ஒரு புகை மண்டலம். கட்டியவன் யார், குடியிருந்தவன் யார், எதற்காக இடித்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தூசியில் மறைந்துவிடுகின்றன.

சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூன் 28-ந் தேதி அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் தானாகவே சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு 11 மாடிக் கட்டடம் 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. மவுலிவாக்கம் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது எது? ஆள் இல்லாத இரண்டாவது கட்டடம் விழுந்த காட்சிதான். ஆட்களோடு விழுந்த முதல் கட்டடம் மறந்துபோயிற்று. கூலிக்கு வந்து செத்தவனை விட, வெடிச் சத்தம் பெரிதாகிவிட்டது.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாம் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஜனதா காலனி சொல்லும் பாடம்

செம்பூரை அடுத்த மான்கூர்டு பகுதியில் ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே நம்மவர்கள் ஏராளமாக வாழ்ந்தார்கள். அந்த நிலம் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்கு வேண்டும் என்றார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், மக்களைத் திரட்டிப் போராடினார். மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், கோர்ட்டுப் படியும் ஏறினார்கள். ஆனால் நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-ம் ஆண்டு மே மாதம், போலீசு காவலோடு அந்தக் காலனி இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 பேர் வாழ்ந்த இடம் வெட்டவெளியாயிற்று. சீத்தாகேம்பின் சேற்று நிலத்தில் அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஜோக்கின் அற்புதம் 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018-ல் மறைந்தார்.

சீத்தாகேம்பில் இருக்கும் குடும்பங்களை நாம் ஒன்று கேட்கிறோம். ஜனதா காலனியில் உங்கள் தகப்பனார் கட்டிய வீட்டின் படம் ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா? எத்தனை வீடுகளில் "இருக்கிறது" என்று பதில் வரும்?

அதே 1976-ம் ஆண்டு ஜனவரியில்தான் மராட்டிய அரசு குடிசைப் பகுதிகளில் கணக்கெடுப்பு நடத்தியது. குடிசைக்கு எண் போட்டு, குடும்பத்தைப் படம் பிடித்து, அடையாள அட்டை கொடுத்தார்கள். "போட்டோ பாஸ்" என்று நம் மக்கள் வாயில் இன்றும் வழங்குவது அதுதான். அன்று பலர் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "படம் எடுத்து என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?" என்று அலட்சியமாக இருந்தார்கள்.

ஆனால் என்ன நடந்தது? 1981-ல் நடைபாதைக் குடிசைகளை அகற்ற அரசு முனைந்தபோது வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வழக்காடியவர்களில் ஒருவர், பஞ்சத்தால் வேலை இழந்து சேலத்திலிருந்து 1961-ல் பம்பாய் வந்த தமிழ்த் தொழிலாளி. 1985 ஜூலை 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை, உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனாலும் நடைபாதைக் குடிசைகளை அகற்றக்கூடாது என்று சொல்லவில்லை. மழைக்காலம் முடியும் வரை பொறுக்கச் சொன்னார்கள். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பார்த்தீர்களா? பத்து ஆண்டுகளாகப் பெட்டியின் அடியில் கிடந்த அந்தச் சிறு படம், கோர்ட்டில் பேசிற்று. படம் இருந்தவனுக்கு இடம் கேட்க வாய் இருந்தது. இல்லாதவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

இப்போது தாராவி

இதை ஏன் இன்று சொல்கிறோம் என்றால், தாராவியைத் திருத்தி அமைக்கும் திட்டம் காகிதத்திலிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. 2022 நவம்பரில் டெண்டர் அதானி குழுமத்துக்குப் போயிற்று. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ வீடு என்றது.

ஒரு தேதியில், ஒரு படிக்கட்டில், ஒரு குடும்பத்தின் தலைவிதி நிற்கிறது. தரைத்தளமா, மேல்தளமா? 1999-ல் இருந்தாயா, 2001-ல் வந்தாயா? கேள்வி இவ்வளவுதான். வீடு நிற்கும் வரை இதைக் காட்ட வீடே சாட்சி. இடித்த பிறகு யார் சாட்சி?

ஆகவேதான் சொல்கிறோம்: இடிக்கும்போது படம் எடுக்கத் துடிக்கும் கை, இடிப்பதற்கு முன் படம் எடுக்கட்டும்.

வாசலில் குடும்பத்தோடு நின்று, கதவில் போட்ட எண்கள் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். மின்சார மீட்டரையும் அதன் எண்ணையும் எடுங்கள். மேல்தளம் இருந்தால் ஏணி, தனி வாசல், தனி அடுப்பு எல்லாவற்றையும் எடுங்கள். தொழில் நடக்கும் வீடானால் மாவு அரைக்கும் இயந்திரம், தையல் மிஷின், தோல் வேலைப் பட்டறை ஆகியவற்றை வேலை நடக்கும்போதே எடுங்கள். சந்தின் முனையிலிருந்து, இரண்டு பக்கத்து வீடுகளும் விழும்படி ஒன்று எடுங்கள். தேதியையும் இடத்தையும் எழுதி, ஒரு பிரதியை ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். செல்போன் தொலைந்தால் படமும் தொலையும்.

பழைய படங்களையும் தேடி எடுங்கள். அக்காள் கல்யாணம், தங்கையின் மஞ்சள் நீராட்டு, பிள்ளைக்குக் காது குத்து என்று எடுத்த படங்களில் பின்னால் நம் வீட்டுச் சுவர் தெரியும். அதில் ஒரு நாள்காட்டியும் தொங்கும். ஆண்டு எது என்பதை அந்த நாள்காட்டி சொல்லும்.

படம் மட்டும் இருந்தால் வீடு வந்துவிடுமா என்று கேட்கலாம். வராது. மின்சார ரசீது, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், போட்டோ பாஸ் ஆகியவைதான் முதல் சாட்சிகள். படம் அவற்றுக்குத் துணை. ஆனால் ஆபீசு மேஜையில் "இப்படி ஒரு வீடே இல்லை" என்று ஒருவர் சொல்லும் நாளில், அந்தத் துணையின் அருமை தெரியும். பைலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பதுதானே ஆபீசுகளின் வேதம்!

அரசும் எடுக்க வேண்டும்

இடிப்பவர்களுக்கும் இந்தக் கடமை உண்டு. 2024 நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. 15 நாள் நோட்டீசு கொடுக்காமல் இடிக்கக்கூடாது, இடிப்பதை வீடியோ எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அது கட்டளையிட்டது. சாலை, நடைபாதை, ரெயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இது பொருந்தாது என்றும் அந்தத் தீர்ப்பே சொல்கிறது. நம் ஏழைகளில் பலர் இருப்பது அத்தகைய இடங்களில்தான். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அங்கும் படம் எடுத்து வைப்பதை மாநகராட்சியும் ரெயில்வேயும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நேர்மையாக நடப்பவருக்குக் கேமராவைக் கண்டு என்ன பயம்?

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாராவிப் பெரிய பள்ளிவாசல் 1887-ல் எழுந்தது. கணேசர் கோவில் 1913-ல் கட்டப்பட்டது. தமிழர் இந்த மண்ணில் நேற்று வந்தவர்கள் அல்லர் என்பதற்கு இவை போன்றவை அத்தாட்சி. கோவில், பள்ளிவாசல், தேவாலயம், படிப்பகம், பள்ளிக்கூடம், அறுபதடி சாலைச் சந்துகள் ஆகிய அனைத்தையும் முறையாகப் படம் எடுத்து, பெயரும் ஆண்டும் எழுதி ஓரிடத்தில் சேர்த்து வைக்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்த இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். பொங்கல் விழாவுக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

கடைசியாக ஒன்று. பக்கத்துத் தெருவில் குடிசை இடிபடும்போது, பானையையும் பாயையும் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வெளியே வருவாள். அந்த நேரத்தில் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். முதலில் பானையை வாங்கி இறக்கி வையுங்கள். பிறகு, அவள் சம்மதித்தால், அவளுக்குச் சாட்சியாக இருக்கும் என்று நினைத்து எடுங்கள். எடுத்த படத்தை அவளுக்கும் கொடுங்கள்.

வெடி வைத்து விழும் கட்டடத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீட்டைப் படம் எடுக்க நம்மை விட்டால் யாரும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.