மலைமகளின் தாயப் பங்கு

தாயம் என்னும் சொல் தந்தைவழி வரும் உரிமைப் பொருளைக் குறிக்கும். சொல்லில் 'தாய்' ஒலிப்பினும், தாய்க்கும் மகளுக்கும் அப்பொருளிற் பங்குண்டா என்னும் வினா இன்றளவும் முற்றத் தீர்ந்தபாடில்லை.

சவ்வாது மலைக்குச் செல்வோர் காவலூர் வானாய்வு நிலையத்தையும் பீமன் அருவியையும் கண்டு மீள்வர். சாமைக் கொல்லையிற் களை பறிக்கும் பெண்ணை நின்று நோக்குவோர் சிலரே. விதைப்பு முதல் உமி நீக்கல் வரை அவள் கைபடாத வேலை இல்லை. அக்கொல்லையின் பட்டாவில் அவள் பெயர் உண்டா?

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1989-இல் தமிழகமும் 2005-இல் நாடு முழுமையும் மகளுக்குச் சமபங்கு வழங்கின. ஆயினும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நடுவணரசு தனியே அறிவித்தாலன்றிப் பழங்குடியினரைச் சாராது. பட்டியற் பழங்குடியினரான மலையாளி மக்களின் மகளிர் இதனால் வழக்காற்றின் கையில் விடப்பட்டனர். இவ்விலக்கை மறுஆய்வு செய்யுமாறு உச்சநீதிமன்றம் 2022-இல் நடுவணரசைக் கேட்டுக்கொண்டது. பெண்ணை விலக்கும் வழக்காறு நிறுவப்படாதவிடத்து அவள் பங்கை மறுத்தல் சமத்துவத்திற்கு முரண் என 2025 சூலையில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபரிலோ, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடியினர்க்குப் பொருந்தாது என மீண்டும் தெளிவுறுத்தியது.

வழக்காறு மாறாததோ? நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழியால் மனைவியும் மக்களும் உற்ற துயரைக் கவிமணி மான்மியமாகப் பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. மனிதர் வகுத்ததை மனிதரே திருத்தினர்.

மலையை நோக்கிச் சுட்டும் விரல் நம் இல்லத்தையும் நோக்குதல் வேண்டும். திருமறையின் அன்னிசா அத்தியாயம் மகளின் பங்கை வரையறுத்துள்ளது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியிருந்தது. 1949-ஆம் ஆண்டுச் சென்னைத் திருத்தம் அதனையும் உட்படுத்தியது. இருந்தும் என்ன? அண்ணன் மனம் நோகுமே, பிறந்தகத்து வாயில் அடைபடுமே என்றஞ்சி விடுதலைப் பத்திரத்திற் கையெழுத்திடும் சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்! மலைமகளுக்குச் சட்டம் இல்லை. நம் மகளுக்குத் துணிவு இல்லை. இழப்பு ஒன்றே.

ஆதலின் நாம் கூறுவது இதுவே: உரிமை ஏட்டில் ஏறட்டும். மலையிற் பட்டா நிலமுடைய பெற்றோர், தாம் வாழும்போதே மகளின் பங்கைத் தான செட்டில்மெண்டாகப் பதிந்து, பட்டாவையும் மாற்றித் தருக. நிபந்தனைப் பட்டாவாயின் வட்டாட்சியரிடம் கேட்டுத் தெளிக. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெறும் நிலத்தை விற்கவோ பிறர்க்கு மாற்றவோ இயலாது. ஆனால் அது வாரிசுகளைச் சேரும். மணமானவர்க்கு அதனைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. தன் பெயர் அதில் உளதா என ஒவ்வொரு மனைவியும் பார்த்துக்கொள்க. கணவனை இழந்தவள் வாரிசுச் சான்றைப் பெறக் காலம் தாழ்த்தற்க. வழக்குரைஞர்க்குப் பணமில்லையே எனத் தயங்கவும் வேண்டா. பெண்கட்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுக.

மலையூர்களிலிருந்து வந்து பயிலும் மாணவியரே, விடுமுறையில் இல்லம் செல்கையில் நிலத்தின் ஏடுகளை எடுத்துத் தாய்க்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற தமிழ் அன்று பயன் தரும்.