ஆணும் பெண்ணும் ஆவதெவ்வாறு?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களைக் கண்டு களியாதார் இலர். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயின் கொடியைக் காணும் நாம் அதன் வேரைக் காண்பதில்லை. திராட்சை, வாழை, தக்காளி முதலியவற்றின் வேரிற் புகுந்து முடிச்சுக்களை உண்டாக்கும் நூற்புழுவொன்று உண்டு. உழவனுக்குப் பகையாகிய அச்சிற்றுயிர் கற்பார்க்கு ஆசானுமாகும்.

தொல்காப்பிய மரபியலில் களிறு, பிடி முதலிய பெயர்களைக் கற்கும் யாம், புழுவின் ஆண் பெண் பாகுபாட்டை எண்ணியதில்லை. இக்காலத்தார் மரபியல் என வழங்கும் விஞ்ஞானமோ அதனை நுணுகி ஆராய்கின்றது. வேர்முடிச்சுப் புழுக்களுள் மிகப் பரவிய இனம் ஆணின் துணையின்றியே முட்டையிடும். வேரில் உணவு நிறைந்திருப்பின் இளம்புழுக்கள் பெரும்பாலும் பெண்ணாகிப் பேரிக்காய்போற் பருத்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். நெருக்கம் மிகுந்து உணவு குன்றின், பல ஆணாகி வேரை விட்டு நீங்கும்.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது மற்றொரு நூற்புழு. 1 மில்லிமீட்டர் நீளமுடையது. சிட்னி பிரென்னர் 1974-ல் இதன் மரபியலை ஆராய்ந்து வெளியிட்டார்; 2002-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இப்புழுவிற்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டிருப்பின், விந்தும் முட்டையும் தன்னுள்ளேயே தோற்றுவிக்கும் இருபாலுயிராம், ஒன்றேயிருப்பின் ஆணாம். ஸோல்-1 என்னும் மரபணு ஓங்கின் ஆண்மையும், அடங்கின் இருபாற்றன்மையும் விளையும்.

மக்களிடத்து முறை வேறு. தாய் தருவது எக்ஸ் ஒன்றே. தந்தை தருவதும் எக்ஸாயின் பெண், ஒய்யாயின் ஆண். ஒய் குரோமோசோமின் இத்தொழிலை 1905-ல் வண்டினத்தில் கண்டு வெளியிட்ட நெட்டி ஸ்டீவன்ஸ் ஒரு பெண்மணியே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

உண்மை இங்ஙனமாக, பெண்மகவை ஈன்றாளென்று மருமகளைத் தூற்றுதல் என்ன நியாயம்? பழியைத் தந்தைமேல் ஏற்றுதலும் தகாது. அவனும் தெரிந்தெடுத்துத் தருவதன்று. பெண்மகவைப் பழியெனக் கருதுவதே பிழை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தேனிக்கும் நீட்டப்பட நேர்ந்தமை, அப்பிழை எத்துணைக் கொடிதென்பதைக் காட்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! கல்லூரியில் கற்றதைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாதீர்கள். தாய்மாரும் பாட்டிமாரும் கூடும் திண்ணையில், அவர்களறிந்த எளிய தமிழில் இதனை எடுத்துரையுங்கள். ஒரு மருமகளின் கண்ணீரையேனும் அது துடைக்குமாயின், யாம் கற்ற கல்வி பயனுடையதாகும்.