ஆள் இல்லையா? அதிகாரி வீட்டைப் பாருங்கள்!

சென்னையின் சுமை குறைய, 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம், ஆவடி தனித்தனிக் காவல் ஆணையரகங்களாயின. எல்லை பிரிந்தது; காவலருக்கோ இன்றும் பஞ்சப் பாட்டு!

காவலரை அதிகாரி வீட்டு எடுபிடியாக்கும் ஆர்டர்லி முறை 1979-லேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடியும் அதை ஒழிக்கச் சொல்ல நேர்ந்ததே, ஏன்? நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆணை காகிதத்தில் உறங்கியது!

தோழர்களே! காவலரும் உழைப்பாளியே. வார ஓய்வுக்கு 2021-ல்தான் அவருக்கு அரசாணை வந்தது. அரசின் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடை. அவருக்காக நாம்தான் கேட்க வேண்டும்: காலியிடங்களை நிரப்புக! அதற்குமுன், எடுபிடியாக எவரேனும் எஞ்சியிருந்தால் நிலையத்துக்கு அனுப்புக! மக்கள் வரிப்பணம் மக்கள் காவலுக்கே. எசமானர் வீட்டுக்கு அல்ல!