அப்பாவுக்குத் தெரியாது

மும்பை பரேலில் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் தமிழ்க் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நோயாளி காதுகேட்கும் தூரத்தில் இருக்கிறாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "அப்பாவுக்குத் தெரியாது." வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருப்பார்கள். டாக்டர் கைவிரித்துவிட்டார் என்பது மகனுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், தாராவியில் அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. (தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்கும் அப்பாக்களும் உண்டு.)

இனி குணமில்லை என்றானவர்களின் கடைசி நாட்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் இல்லங்களுக்கு இப்போது ஓர் ஆலோசனை சொல்லப்படுகிறது: நோயாளிகளின் கதைகளைச் சொல்லுங்கள், படம் போடுங்கள், பணம் வரும். வரத்தான் செய்யும். ஆனால் தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவரிடம், அந்த நோயை வைத்து நிதி திரட்ட எப்படி அனுமதி வாங்குவது? 'கடைசி நாட்களில் இவருக்கு உதவுங்கள்' என்ற துண்டறிக்கையில் தன் முகத்தை அவரே பார்க்க நேர்ந்தால்? மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சட்டமறிந்தவர் யாராவது சொல்லக்கூடும். எனக்குப் போதவில்லை.

கைபேசியைத் திறந்தால் வரும் மருத்துவ நிதி விளம்பரங்கள் ஓர் அச்சில் வார்த்தவை. குழாய் சொருகிய குழந்தை, அழும் தாய், 'இன்னும் இத்தனை லட்சம் சேர்ந்தால் பிள்ளை பிழைத்துவிடும்'. அங்கே பணம் உயிருக்கு விலை. ஹாஸ்பிஸ் அந்த வாக்குறுதியைத் தர முடியாது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் இந்த மும்பையில்தான் இருக்கிறது. பாந்திராவில், மவுண்ட் மேரி பேராலயத்தின் அருகே, சாந்தி அவேத்னா சதன். புற்றுநோய் அறுவை மருத்துவர் எல்.ஜே. டி சோசா 1986இல் தொடங்கியது, கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், கட்டணம் கிடையாது. இப்படி ஓர் இல்லத்துக்குப் பணம் கொடுத்தவர் அடுத்த ஆண்டு வந்து, 'நான் உதவியவர் எப்படி இருக்கிறார்?' என்று கேட்டால் என்ன சொல்வது? 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிறுவனங்களுக்கும் பலனை எண்ணிக் காட்ட வேண்டும். ஆண்டறிக்கை அச்சாகும்போது பயனாளிகளில் பெரும்பாலோர் உயிரோடு இல்லாத பணி இது.

அதனால்தான் கண்ணீர்ப் படத்தைக் கடன் வாங்கும் சபலம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. நல்லது. ஆனால் காசு வாங்காமல் படுக்கையும் சோறும் மருந்தும் தந்து, புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுகிறவர்கள் 'ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்று கேட்டால், மாட்டேன் என்று எந்த நோயாளி சொல்வார்? அவர் தலையாட்டுவதில் பாதி நன்றிக்கடன். தாராவியில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சாயங்காலத்துக்குள் திருநெல்வேலிக்குப் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். 'அந்தக் குடும்பத்தில் புற்று இருக்கு' என்ற ஒரு பேச்சு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப் போதுமானது.

கதையே சொல்லக் கூடாது என்று வாதிடவில்லை. நவீன ஹாஸ்பிஸ் இயக்கமே ஒரு நோயாளியின் கதையில்தான் தொடங்கியது. போலந்திலிருந்து அகதியாக லண்டனுக்கு வந்த யூதர் டேவிட் டாஸ்மா 1948இல் புற்றுநோயில் இறந்தார். உறவென்று அருகில் யாரும் இல்லை. தன்னிடம் அடிக்கடி வந்து பேசிய சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு எழுதி வைத்தார். நீ கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். சாண்டர்ஸ் அந்த இல்லத்தை, புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, திறக்க 1967 வரை ஆயிற்று. இந்தக் கதையில் நோயாளி கையேந்தவில்லை. முதல் நன்கொடையாளரே அவர்தான்.

வேறு எந்தக் கதையைச் சொல்வது? வீட்டைச் சொல்லலாம். தாராவியில் பத்துக்குப் பத்து அறை. மேல் அறைக்குப் போக இரும்பு ஏணி. கழிப்பறை சந்துக்கு வெளியே, வரிசையில் நிற்க வேண்டும். எலும்பு வரை புற்று பரவிய ஒருவரை அந்த ஏணியில் இறக்குவது எப்படி என்பதை எழுதினாலே போதும், முகம் தேவையில்லை. மருந்தைச் சொல்லலாம். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை விலை அதிகமில்லாதது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிமம் எளிதான பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. வீடு வீடாகப் போகும் செவிலியரின் ஒரு நாளைச் சொல்லலாம். செலவில் பெரும்பகுதி அவர் சம்பளமும் வண்டிச் செலவும்தான். நன்கொடையாளர்களுக்குப் பிடிக்காத செலவும் அதுதான். சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தால் முதுகில் பெயர் எழுதலாம், சம்பளத்தில் எங்கே எழுதுவது?

கேரளத்தைப் பார்த்து நாம் கொஞ்சம் வெட்கப்படலாம். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்காகத் தொடங்கிய சிறு சங்கம், பின்னர் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் குழுக்களாகப் பரவியது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் சிறு சிறு தொகையாகக் கொடுத்தார்கள். நோய்த்தணிப்புக்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலமும் 2008இல் கேரளம்தான். அங்கே துண்டறிக்கை இல்லாமலே கதை பரவியது. அடுத்த தெருவில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் பணம் கொடுக்கப் படம் எதற்கு?

மும்பைத் தமிழர்களுக்குக் கொடுக்கும் குணம் இல்லாமலில்லை. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம், செம்பூர் செட்டா நகரில் முருகன் கோயில், தாராவியில் பிள்ளையார் கோயில் என்று சேர்ந்து கட்டிப் பழகியவர்கள். அன்னதானத்துக்குக் கேட்காமலே கொடுப்பார்கள். ட்யூப்லைட் கொடுத்துவிட்டு வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு அதில் பெயர் எழுதுகிறவர்களும் நம்மவர்களே. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் 'அபசகுனமா பேசாதீங்கோ' என்று எழுந்துவிடுவோம். அப்பாவிடம் மறைக்கும் வாயும் இந்த வாயும் ஒன்றுதான். உலகில் நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. மற்றவர்களில் நம் சந்துக்காரர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அப்பாவின் திதிக்கோ தாத்தாவின் நினைவு நாளுக்கோ பணம் எடுத்து வைக்கும்போது, வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்பு அமைப்பு ஒன்றுக்கு மாதச் சந்தாவாக எழுதுங்கள். ரசீதில் 'செவிலியர் சம்பளத்துக்கு' என்று குறிக்கச் சொல்லுங்கள். நோயாளியின் படம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.